துப்பாக்கியா, மனநோயா, வீடியோ கேமா: அமெரிக்கப் பள்ளிப் படுகொலைகளுக்கு எது காரணம்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் ஒருவர் துப்பாக்கிதான் காரணம் என்கிறார். இன்னொருவர் மனநோய் என்கிறார். வீடியோ கேம், சக மாணவர்களின் கொடுமை, அப்பா இல்லாத குடும்பம், மனச்சோர்வு மாத்திரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உண்மையில் எதுதான் காரணம்?"

இந்தச் சண்டை 25 வருடங்களாக ஓயாமல் நடப்பதற்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. ஒரு பையனுக்குப் பலரைக் கொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது? அந்த எண்ணம் ஏன் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகிறது? நினைத்ததை அவனால் எப்படிச் செய்து முடிக்க முடிகிறது? மனநோய் என்பவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், துப்பாக்கி என்பவர் கடைசிக் கேள்விக்குச் சொல்கிறார். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

முதல் கேள்விக்குத் துல்லியமான பதில் கிடைக்காது என்பது என் கருத்து. மற்ற இரண்டுக்கும் பதில் பெருமளவு தெரியும். அதனால் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

2012 டிசம்பர் 14 அன்று இரண்டு சம்பவங்கள் நடந்தன. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு ஆள் கத்தியோடு புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வெட்டினான். பலருக்கு மோசமான காயம். ஆனால் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. சில மணி நேரம் கழித்து, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் 20 வயது இளைஞன் ஒருவன் புகுந்தான். சில நிமிடங்களில் 150-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. 6, 7 வயதுக் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் இறந்தார்கள். அந்தத் துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தவர் அவனுடைய அம்மா. அன்று காலை அவன் முதலில் கொன்றதும் அவரைத்தான்.

இரண்டு பேரின் மனநிலையையும் எவ்வளவு வேண்டுமானாலும் அலசலாம். சாவு எண்ணிக்கை ஒரு பக்கம் பூஜ்யமாகவும் மறுபக்கம் 26 ஆகவும் இருப்பதற்கு மனநிலை விளக்கம் ஆகாது. கத்தியால் கொல்லவே முடியாது என்று சொல்ல வரவில்லை. 2001-ல் ஜப்பானின் ஒசாகா பகுதியில், இகேடா தொடக்கப் பள்ளியில் கத்தியோடு புகுந்தவன் 8 குழந்தைகளைக் கொன்றான். ஆனால் துப்பாக்கிக்குத் தேவையான உடல் வலுவும் நேரமும் மிகக் குறைவு. 14 வயதுப் பையனாலும் முடிகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

அமெரிக்கா தனித்துத் தெரிவதும் இங்கேதான். 2018-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அங்கே பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் ஏறக்குறைய 39 கோடி, அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கி. மனச்சோர்வு, விவாகரத்து, வன்முறைப் படம், வகுப்பறைக் கொடுமை எல்லாம் கனடாவிலும் பிரான்சிலும் ஜப்பானிலும் உண்டு. அந்த நாடுகளில் இல்லாதது இந்த எண்ணிக்கைதான்.

சரி, அப்படியென்றால் துப்பாக்கிதான் காரணம், முடிந்தது கதை என்று சொல்லிவிடலாமா? எதிர்த்தரப்பு இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கிறது. அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி நேற்று வந்ததல்ல. 1950-களிலும் இருந்தது. அப்போது ஏன் பள்ளிகளில் இப்படித் தொடர்ச்சியாக நடக்கவில்லை? இன்னொன்றும் உண்டு. ராணுவப் பாணித் துப்பாக்கிகளுக்கும் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்கும் 1994 முதல் 2004 வரை மத்திய அரசின் தடை இருந்தது. கொலம்பைன் பள்ளிப் படுகொலை நடந்ததோ 1999-ல், அந்தத் தடை அமலில் இருந்தபோதே. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் இந்த இரண்டையும் கண்டும் காணாமல் போவார்கள். போகத் தேவையே இல்லை, ஏனென்றால் இவை நம்மை இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோகின்றன.

1999 ஏப்ரல் 20, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. அங்கேயே படித்த இரண்டு பையன்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள். கேலிக்கு ஆளான இரண்டு ஒதுக்கப்பட்டவர்கள் திடீரென்று பொங்கியெழுந்து பழிவாங்கினார்கள் என்று அப்போது உலகமே எழுதியது. விசாரணையில் வெளிவந்த கதை வேறு. ஒரு வருடத்துக்கும் மேலாகத் திட்டம் போட்டிருந்தார்கள். முதல் திட்டத்தின் மையம் துப்பாக்கிகூட இல்லை, பள்ளி உணவுக்கூடத்தில் கேஸ் சிலிண்டர் குண்டுகளை வெடிக்கவைத்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்வது. குண்டு வெடிக்காமல் போனதால்தான் துப்பாக்கியோடு உள்ளே நடந்தார்கள். அந்தத் துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயதான ஒரு தோழி துப்பாக்கிக் கண்காட்சியில் வாங்கிக் கொடுத்திருந்தார். பின்னணிச் சோதனை எதுவும் இல்லாமல் வாங்க முடிந்தது.

அவர்கள் நாட்குறிப்பும் வீடியோவும் விட்டுச் சென்றார்கள். யார் தங்களைப் பற்றிப் படம் எடுப்பார்கள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். சாவைப் பார்வையாளர்களுக்காக நடத்தும் நிகழ்ச்சியாக அவர்கள் நினைத்தார்கள், தொலைக்காட்சிகளும் அதை அப்படியே ஒளிபரப்பின. அதற்குப் பிறகு, மனம் நொந்து, ஆத்திரத்தோடு, சாக நினைக்கும் ஒரு பையனுக்குக் கையில் ஆயத்தமாக ஒரு நாடகப் பிரதி கிடைத்துவிட்டது: உடை, இடம், வசனம், முடிவு எல்லாம் எழுதியாகிவிட்டது. 2007-ல் பின்லாந்தின் யோகெலாவில் 8 பேரைக் கொன்றவன் முன்கூட்டியே யூடியூபில் வீடியோ போட்டான். 2018-ல் கிரைமியாவின் கெர்ச் நகரக் கல்லூரியில் 20 பேரைக் கொன்றவன் கொலம்பைன் பையன்களைப் போலவே உடை உடுத்திக்கொண்டு போனான். 2015-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பெரிய அளவிலான ஒரு சம்பவம் நடந்த பிறகு சராசரியாக 13 நாட்களுக்கு அடுத்த சம்பவத்தின் வாய்ப்பு கூடுதலாகவே இருக்கிறது. தற்கொலைச் செய்தியை விரிவாகப் போட்டால் தற்கொலைகள் கூடும் என்பது பழைய கண்டுபிடிப்பு, இது அதன் உடன்பிறப்பு.

சுட்டவர்கள் யாருடைய பெயரையும் நான் எழுதாமல் போவதற்குக் காரணமும் இதுதான்.

1950-களில் துப்பாக்கி இருந்தும் ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு என்னால் தரமுடிந்த நல்ல பதில் இது: கருவி இருந்தது, பிரதி இல்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. பிரதி இணையம் வழியாக எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. கருவி போன இடங்களில் அது நடந்தேறுகிறது, மற்ற இடங்களில் பெரும்பாலும் கனவாகவே முடிந்துவிடுகிறது.

இனி முதல் கேள்வி, ஏன் தோன்றுகிறது. இதில் பாதி வாதங்களை வேகமாகக் கடந்துவிடலாம்.

வீடியோ கேம்: தென் கொரியாவிலும் ஜப்பானிலும் அதே கேம்களை வெறித்தனமாக ஆடுகிறார்கள். அங்கே இது நடப்பதில்லை. அதிபரைப் பாதுகாக்கும் அமைப்பான அமெரிக்க ரகசியச் சேவையும் கல்வித் துறையும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை வீடியோ கேம்களில் ஈடுபாடு காட்டியவர்கள் சுட்டவர்களில் எட்டில் ஒருவர் மட்டுமே. அந்த வயதுப் பையன்களின் பொழுதுபோக்கை வைத்துப் பார்த்தால் இது ஆச்சரியமான அளவுக்குக் குறைவு. அப்பா இல்லாத குடும்பம்: கொலம்பைன் பையன்கள் இருவருமே அப்பா அம்மாவோடு வளர்ந்தவர்கள். பள்ளியில் பிரார்த்தனையை நிறுத்தியதால்தான் என்ற வாதத்துக்குப் பதில் சொல்லக்கூட இடம் வீணாக்க வேண்டாம். மாத்திரை: பதின்பருவத்தினருக்கு மனச்சோர்வு மருந்துகள் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை போட்டது உண்மை. ஆனால் சுட்டவர்களில் பலர் எந்த மருந்தும் எடுக்காதவர்கள், கோடிக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள் யாரையும் சுடுவதும் இல்லை.

மனநோய் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. கடுமையான மனநோய் இருப்பவர்கள் ஆபத்தானவர்கள் என்ற எண்ணம் தவறு. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர். கடுமையான மனநோயை முழுக்க ஒழித்தாலும் நாட்டின் வன்முறையில் ஏறக்குறைய 4 சதவீதம்தான் குறையும் என்பது அவருடைய கணக்கு. பள்ளியில் சுட்டவர்களில் பெரும்பாலானவர்கள் மாயக் குரல் கேட்டவர்கள் அல்ல.

ஆனால் வேறொன்று திரும்பத் திரும்ப வருகிறது. மேலே சொன்ன 2002 ஆய்வு, 1974 முதல் 2000 வரை நடந்த 37 சம்பவங்களில் தொடர்புள்ள 41 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தற்கொலை முயற்சியோ அந்த எண்ணமோ இருந்தது. 71 சதவீதம் பேர் தாங்கள் கொடுமைக்கோ தாக்குதலுக்கோ ஆளானதாக உணர்ந்திருந்தார்கள். பள்ளிப் படுகொலையைக் கொலையின் ஒரு வகையாகப் பார்ப்பதைவிட, மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகும் தற்கொலையாகப் பார்த்தால் பல விஷயங்கள் புரியும். உதாரணமாக, பள்ளி வாசலில் ஆயுதக் காவலர் இருந்தால் பயந்துவிடுவான் என்ற வாதம். சாகவே வருபவனை எப்படிப் பயமுறுத்துவது? கொலம்பைனில் அன்றே ஓர் ஆயுதக் காவலர் பணியில் இருந்தார். 2022-ல் டெக்சாஸின் யுவால்டியில் 376 காவலர்கள் வந்து குவிந்தார்கள். வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு இவன் சுடுவான், இவன் சுடமாட்டான் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கொடுமைக்கு ஆளாகி, மனம் ஒடிந்து, தனிமையில் கிடக்கும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் சுடுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அத்தனை பேருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை வைத்து அந்த ஒருவனைப் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது. அந்த ஆய்வே, சுடுபவனுக்கு என்று ஓர் அடையாளச் சித்திரம் கிடையாது என்று திட்டவட்டமாகச் சொன்னது. முதல் கேள்விக்குத் துல்லியமான பதில் கிடைக்காது என்று நான் சொன்னது இதனால்தான்.

மூன்று கேள்விகளும் ஒரே அறையில் சந்தித்த ஒரு காலைப் பொழுதைப் பார்ப்போம். மிச்சிகன் மாநிலம், ஆக்ஸ்ஃபர்டு உயர்நிலைப் பள்ளி, 2021 நவம்பர் 30. நான்கு நாட்களுக்கு முன்புதான், கடைகளில் தள்ளுபடி விற்பனை நடக்கும் வெள்ளிக்கிழமையன்று, 15 வயதுப் பையனுக்காக அவன் அப்பா ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் அம்மா அவனைச் சுடும் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். திங்கட்கிழமை வகுப்பில் அவன் செல்போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியை பார்த்தார். பள்ளி வீட்டுக்குத் தகவல் சொன்னது. அம்மா மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி: எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்.

செவ்வாய்க்கிழமை காலை கணக்குத் தாளில் அவன் ஒரு துப்பாக்கியும் ரத்தம் சிந்தும் உருவமும் வரைந்திருந்தான். பக்கத்தில் "எண்ணங்கள் நிற்கவே இல்லை, உதவி செய்யுங்கள்" என்று எழுதியிருந்தான். பெற்றோரை வரவழைத்தார்கள். கவுன்சலர், பெற்றோர், பையன் எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்தார்கள். சந்திப்பு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இரண்டு நாளுக்குள் மனநல ஆலோசனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார் கவுன்சலர். வேலைக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதை அவர்கள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பையன் வகுப்புக்குத் திரும்பினான். துப்பாக்கி அவனுடைய பைக்குள்ளேயே இருந்தது, யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. அடுத்த சில மணி நேரத்துக்குள் அவன் சுட்டான், நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

அவன் மனதில் ஏன் அந்த எண்ணங்கள் வந்தன என்று வருடக்கணக்கில் பேசலாம். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் யாராலும் அவன் மனதைச் சரிசெய்திருக்க முடியாது. பையைத் திறந்திருக்க முடியும். "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்க முடியும். காரணங்களின் பட்டியலில் அன்று காலை மனிதக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான். அப்பா, அம்மா இருவரும் 2024-ல், கொல்லும் நோக்கமின்றி உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள், ஆளுக்கு 10 முதல் 15 வருடச் சிறை. பிள்ளை நடத்திய பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர் அந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றது அமெரிக்காவில் அதுவே முதல்முறை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜியாவின் அபலாச்சி பள்ளியில் 14 வயதுப் பையன் நான்கு பேரைக் கொன்றபோது, துப்பாக்கியைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்த அப்பாவையும் உடனே கைது செய்தார்கள்.

ஆக்ஸ்ஃபர்டு விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2019-ல் ரகசியச் சேவை மீண்டும் ஓர் ஆய்வு வெளியிட்டது. பள்ளியில் துப்பாக்கி பயன்படுத்தியவர்களில் நான்கில் மூன்று பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள். கள்ளச் சந்தையைத் தேடிப் போகவே தேவைப்படவில்லை. 2015-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, தோட்டா நிரப்பிப் பூட்டாமல் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் வளரும் அமெரிக்கக் குழந்தைகள் ஏறக்குறைய 46 லட்சம்.

இன்னொரு ஒற்றுமை, முன்கூட்டியே வாயைவிடுவது. 2002 ஆய்வில், பத்தில் எட்டு சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது, பெரும்பாலும் இன்னொரு மாணவருக்கு, விஷயம் முன்பே தெரிந்திருந்தது. 2021-ல் வந்த இன்னோர் அறிக்கை, நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்களை ஆராய்ந்தது. அவை வெளியே வந்தது பெரும்பாலும் சக மாணவர்கள் சொன்னதால். இப்படி முன்கூட்டியே தெரியவருவதால்தான் கொலராடோவில் பெயர் சொல்லாமல் தகவல் தரும் சேவையைத் தொடங்கினார்கள், வர்ஜீனியா 2013-ல் பள்ளிகளில் மிரட்டல்களை ஆராயும் குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆனால் சொன்னால் மட்டும் போதாது, கேட்கிறவர் ஏதாவது செய்ய வேண்டும். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேரைக் கொன்றவனைப் பற்றி ஜனவரி 5-ஆம் தேதியே மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-க்கு ஒருவர் போன் செய்து எச்சரித்திருந்தார். தகவல் உள்ளூர் அலுவலகத்துக்கே போகவில்லை. அதற்குப் பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வழக்கமாக எதிர்க்கும் குடியரசுக் கட்சி ஆண்ட அந்த மாநிலமே, ஒரு மாதத்துக்குள், துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் ஆயுதத்தைத் தற்காலிகமாகப் பறிமுதல் செய்யவும் சட்டம் போட்டது.

ஒரு சின்ன இடைச்செருகல். அமெரிக்கச் சிறுவர்கள் கொல்லப்படும் சம்பவங்களில் பள்ளி வளாகத்தில் நடப்பவை 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் வீட்டிலும் தெருவிலும் நடக்கின்றன. 2020 முதல் 1 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் மரணங்களுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், அதில் தற்கொலையும் அடக்கம். பள்ளிப் படுகொலைக்காகப் பூட்டப்படும் துப்பாக்கி அந்தச் சாவுகளில் சிலவற்றையும் தடுக்கும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. இதையெல்லாம் முன்பே இன்னும் நன்றாக ஆராய்ந்திருக்கலாம். ஆனால் 1996-ல் நாடாளுமன்றம் போட்ட ஒரு நிபந்தனையால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் துப்பாக்கி ஆராய்ச்சியையே ஏறக்குறைய கைவிட்டது. மறுபடி தனியாக நிதி ஒதுக்க 2019 கடைசி ஆகிவிட்டது.

மற்ற நாடுகளில் இது நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் அதே கதைதான். 2009-ல் ஜெர்மனியின் வின்னெண்டனில் 17 வயதுப் பையன் 15 பேரைக் கொன்றான். துப்பாக்கி அப்பாவுடையது, படுக்கையறையில் பூட்டாமல் கிடந்தது. 2023 மே மாதம் செர்பியாவின் பெல்கிரேடில் 10 பேரைக் கொன்ற 13 வயதுப் பையனும் அப்பாவின் துப்பாக்கிகளைத்தான் எடுத்து வந்தான், சுடும் பயிற்சிக்கு அவனைக் கூட்டிப்போனதும் அப்பாதான். வித்தியாசம் அடுத்து என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. 1996-ல் ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த ஆண்டே பிரிட்டன் தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. ஜெர்மனியில் வின்னெண்டனுக்குப் பிறகு சட்டம் மாறியது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் அதைச் சரியாகப் பூட்டி வைத்திருக்கிறாரா என்று பார்க்க, சந்தேகம் எதுவும் இல்லாவிட்டாலும், அதிகாரிகள் அங்கே வீட்டுக்கே வந்து சோதனை கேட்கலாம்.